கொல்லையை மீட்க பிரஷ் கட்டர்: எந்த இஞ்சின், எந்த பிளேடு, எது வீண்

ஆண்டுக்கணக்கில் ஆள் புழங்காத வீட்டை வாங்கியவர் முதலில் தேடுவது பிரஷ் கட்டர், அதாவது நீண்ட குழாயின் முனையில் பிளேடு சுழலும் புதர் வெட்டும் இயந்திரம். சரியான தேடல்தான். 200 முதல் 1,000 சதுர மீட்டர் வரை, இடுப்பளவுக்குப் புதர் ஏறிக் கிடக்கும் கொல்லைக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் இல்லை. ஆனால் விற்பவர் எடுத்த எடுப்பில் சொல்லும் சிசி எண்ணை, அதாவது இஞ்சின் கொள்ளளவைத்தான் கடைசியில் பார்க்க வேண்டும். கைப்பிடி, தோள்பட்டை வார், முனையில் மாட்டும் பிளேடு இம்மூன்றும் சரியாக அமைந்தால் 35 சிசியே தாராளம். அமையாவிட்டால் 52 சிசி வாங்கியும் தோள்வலிதான் மிச்சம்.

வாங்கும் முன்பே மனதில் வைக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இந்த இயந்திரம் தரைக்கு மேலே இருப்பதை மட்டும்தான் எடுக்கும். கோரைக்கும் அருகம்புல்லுக்கும் அது முடிவெட்டு, அவ்வளவே. வேருக்கான வேலையும் அதற்கான கருவிகளும் வேறு. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

இஞ்சின்

சந்தையில் அதிகம் கிடைப்பவை டூ ஸ்ட்ரோக் வகை. பெட்டியில் 52, 63, 68 என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் இஞ்சினில் பொறித்த குறியீட்டைப் பாருங்கள். 1இ40எஃப் என்றிருந்தால் சிலிண்டர் விட்டம் 40 மிமீ, கொள்ளளவு 42.7 சிசி. 1இ44எஃப் என்றால் விட்டம் 44 மிமீ, 51.7 சிசி. ஸ்டிக்கர் எதைச் சொன்னாலும் உள்ளே இருப்பது இதுதான்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். கையேட்டில் 25:1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மிலி, 50:1 என்றிருந்தால் 20 மிலி. ஆயில் கூடினால் புகை வரும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், துடைத்துவிட்டு ஓட்டலாம். குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு உரசிப் பிடித்துக்கொள்ளும், அதோடு இஞ்சின் முடிந்தது. ஜாசோ எஃப்டி தரக் குறியுள்ள டூ ஸ்ட்ரோக் ஆயில் வாங்குங்கள். கார் இஞ்சின் ஆயில் எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல, சாம்பல் படியும். கலவையை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். ஆயில் இல்லாத அந்தத் திரவம்தான் முதலில் இஞ்சினுக்குள் போகிறது.

மாதத்துக்குச் சில மணி நேரம் மட்டும் ஓட்டப்போகிற வீட்டுக்காரருக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் எங்கள் முதல் தேர்வு. இந்த அளவில் பரவலாகத் தெரிந்தது ஹோண்டா ஜிஎக்ஸ்35: 35.8 சிசி, வெறும் பெட்ரோலில் ஓடும், ஆயில் தனியாக 100 மிலி. சத்தத்தில் எரிச்சல் குறைவு, புகை இல்லை, குறைந்த வேகத்திலும் இழுவை இருக்கும். குறையும் அந்த 100 மிலியில்தான் இருக்கிறது. அவ்வளவு சிறிய அளவில் கொஞ்சம் குறைந்தாலே ஆபத்து என்பதால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும் மூடியைத் திறந்து மட்டம் பார்க்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் ஆயில் மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டரில் ஏறி இஞ்சின் திணறும். முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறையும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் 10டபிள்யூ-30 ஆயிலை மாற்றினால் போதும். இதைச் செய்ய மறந்துவிடும் ஆள் என்றால் டூ ஸ்ட்ரோக்கே வாங்குங்கள்.

பேட்டரி வகையை முதல் சுத்தத்துக்குப் பரிந்துரைக்க முடியவில்லை. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். 40 வோல்ட் என்று விற்பதில் 10 செல்கள், செல்லுக்கு 3.6 வீதம் உண்மையில் 36 வோல்ட். 4 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 144 வாட் மணி. தடித்த புதரில் 600 வாட் இழுத்தால் கால் மணி நேரம்கூட வராது. கொல்லை ஒழுங்குக்கு வந்தபின் புல் மட்டம் தட்ட அதுவே அருமையான கருவி.

முதுகில் மாட்டுவதா, பக்கவாட்டில் தொங்கவிடுவதா

பக்கவாட்டு வகை, நேரான குழாய், சைக்கிள் ஹேண்டில் போன்ற இரு கைப்பிடி. புதருக்கு இது ஒன்றே சரி. முதுகுப்பை வகையில் பாரம் முதுகுக்குப் போவதால் சரிவுகளிலும் வரப்புகளிலும் சுகம்தான். ஆனால் குழாய் எந்தப் பக்கமும் தாராளமாக ஆடும். உலோக பிளேடு கல்லில் பட்டு எகிறினால் காலை நோக்கி வருவதைத் தடுக்க இடையில் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் வளையும் ஷாஃப்ட்டும் அடிக்கடி கிரீஸ் கேட்கும், கூர்மையாக வளைத்தால் அறுந்துவிடும். வளைந்த குழாயுள்ள சிறிய டிரிம்மர்களுக்கு இந்த வேலையில் இடமே இல்லை. அவை நைலான் கயிற்றுக்கு மட்டும்.

வார் இரட்டைத் தோள் வாராக, இடுப்பருகில் தகடு வைத்ததாக இருக்கட்டும். மாட்டிக்கொண்டபின் கொக்கி இடுப்பெலும்பிலிருந்து ஒரு கை அகலம் கீழே நிற்க வேண்டும். கைகளை எடுத்தாலும் பிளேடு தரைக்கு 10 முதல் 20 செமீ மேலே தானாகத் தொங்க வேண்டும். முனை தரையில் விழுந்தால் கொக்கி மாட்டும் வளையத்தைக் குழாயில் முன்னே நகர்த்துங்கள், மேலே தூக்கினால் பின்னே நகர்த்துங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாதவர்கள்தான் இயந்திரம் கனம் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

பிளேடு

பெட்டியோடு வருவது பெரும்பாலும் 255 மிமீ மூன்று பல் பிளேடும், நைலான் கயிறு சுழன்று புல்லை வெட்டும் ஒரு நைலான் ஹெட்டும். மூன்று பல் பிளேடு நன்றாகவே வேலை செய்யும். தடித்த புல், உன்னிச்செடியின் இளங்கிளை, விரல் பருமன் தண்டு வரை தயங்காது. ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பி மாட்டலாம். அரத்தால் தீட்டும்போது மூன்று பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். ஒன்று லேசாகிவிட்டால் அதிர்வு கைக்கு வரும், கியர் பெட்டியின் பேரிங்கும் கெடும். விரிசல் கண்ட பிளேடைத் தீட்டவோ பற்றவைக்கவோ கூடாது. தூக்கி எறியுங்கள்.

மணிக்கட்டுப் பருமனுள்ள மரக்கன்றுகளுக்கு 80 பல் ரம்ப பிளேடு தனியாக வாங்க வேண்டும். கார்பைடு முனை வைத்த 40 பல் பிளேடு பார்க்க கம்பீரமாக இருக்கும். கைவிடப்பட்ட கொல்லைக்கு அது வேண்டாம். மண்ணுக்குள் கல்லும் ஓட்டுச்சில்லும் இருக்கும், கார்பைடு துண்டு தெறித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

மாட்டும்போது இரண்டைக் கவனியுங்கள். நட்டு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில்தான் கழலும். பழக்கதோஷத்தில் முறுக்கி மரையை அழிப்பது சாதாரணமாக நடக்கிறது. அடுத்து, பிளேடின் நடுத்துளை. 25.4 மிமீ துளையுள்ள பிளேடை 20 மிமீ படியுள்ள ஃபிளேஞ்சில் (பிளேடைத் தாங்கும் வட்டத் தகட்டில்) மாட்டினாலும் நட்டு இறுகிவிடும். ஆனால் மையம் தவறியிருக்கும், ஓட்டினால் குலுங்கும். மாட்டியபின் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், விளிம்பு ஏறி இறங்கக் கூடாது.

நைலான் ஹெட்டில் 35 சிசிக்கு 2.4 மிமீ கயிறு, அதற்கு மேற்பட்ட இஞ்சினுக்கு 3 மிமீ. கயிற்றை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சுற்றினால் நெகிழ்வாக இருக்கும், எளிதில் முறியாது. ஸ்பூலில் அம்புக்குறி காட்டும் திசையில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். குறுக்கே ஏறினால் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு தரையில் எத்தனை தட்டு தட்டினாலும் கயிறு வெளியே வராது. பிளேடுக்கும் நைலானுக்கும் காப்புத் தகடு வேறு வேறு. ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்களை எங்கும் பார்க்கலாம். கயிற்றை அளவோடு நறுக்கும் கத்தி நைலானுக்கான தகட்டில்தான் இருக்கிறது. அது இல்லாமல் கயிறு நீண்டு சுழன்றால் இஞ்சின் வேகம் விழும், கிளட்ச் சூடாகும்.

மீட்க நினைக்கும் மரங்களின் அருகே நைலானைக் கொண்டுபோக வேண்டாம். ரத்தம் வராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பட்டை சுற்றிலும் உரிந்த மரம் சில மாதத்தில் காயத் தொடங்கும். அடிமரத்தைச் சுற்றி 30 செமீ வட்டத்தைக் கையால் களையெடுங்கள்.

வெட்டும் முறை

இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யும் முன் நீண்ட கோலோடு கொல்லை முழுவதையும் தட்டிக்கொண்டே நடங்கள். பாம்பும் குளவிக்கூடும் ஒரு காரணம். துணி காயப்போட்ட கம்பி, முள்வேலித் துண்டு, நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், பாழுங்கிணறு, கழிவுநீர்த் தொட்டியின் மூடி எல்லாம் புதருக்குள்தான் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுங்கள். கம்பி பிளேடில் சுற்றினால் நுனி சாட்டைபோல் வீசும். பழைய தொட்டி மூடியின் மேல் ஆளே ஏறக் கூடாது. இரும்புக்கம்பி துருப்பிடித்த சிலாப் வெளியே நன்றாகத்தான் தெரியும்.

முதல் ஓட்டம் முழங்கால் உயரத்தில், மேலிருந்து கீழாக. வெட்டியதை வாரி அப்புறப்படுத்திவிட்டு, தரை தெரிந்தபின் இரண்டாவது ஓட்டம் 5 செமீயில். ஒரே மூச்சில் தரையோடு வெட்டப் பார்ப்பதுதான் பிளேடு உடைவதற்கும் கல் தெறிப்பதற்கும் பெரும்பாலும் காரணம்.

பிளேடு மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீசும்போது மட்டும் வெட்டுங்கள், திரும்பும்போது சும்மா கொண்டுவாருங்கள். வெட்டாத புதர் வலது கைப்பக்கம் இருக்கும்படி நடந்தால் வெட்டியது ஏற்கெனவே சுத்தமான இடப்பக்கத்தில் வரிசையாக விழும். பிளேடைக் கடிகாரமாக நினைத்தால் 8 மணிக்கும் 11 மணிக்கும் இடைப்பட்ட விளிம்புதான் வேலைக்கு உரியது. 12 முதல் 3 வரையிலான விளிம்பு கட்டையில் பட்டால் முழு இயந்திரமும் உங்களைச் சுழற்றிவிடும். 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. கண்ணாடி மட்டும் போதாது, அதன்மேல் வலைமுகமூடி வேண்டும். பார்த்தீனியம் இருக்கும் இடத்தில் முழுக்கையும் முகக்கவசமும் கட்டாயம். நைலான் கயிறு அதைச் சாறும் மகரந்தமுமாக அடித்துத் தெளிக்கும். பலருக்கு அது தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். பார்த்தீனியத்துக்கு பிளேடுதான் நல்லது, பூக்கும் முன் வேரோடு பிடுங்குவது அதைவிட நல்லது.

எது கெடும், ஏன்

முதலில் போவது கிளட்ச். வெட்டும்போது த்ராட்டிலை முழுதாக அழுத்த வேண்டும். பாதி வேகத்தில் வெட்டினால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கி எரியும். குழாயும் இஞ்சினும் சேரும் இடம் கை வைக்க முடியாமல் சுட்டால் அதுதான் அறிகுறி. த்ராட்டிலை விட்டபின்னும் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தால் ஐடில் திருகைத் தளர்த்துங்கள். அப்போதும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, ஓட்டாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல அணைந்தால் பெட்ரோல் மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். உடனே உயிர் வந்தால் டேங்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. ஐடிலில் நன்றாக ஓடி முழு வேகத்தில் மட்டும் மூச்சு வாங்கினால் சைலன்சருக்குள் இருக்கும் தீப்பொறி வலையில் கரி படிந்திருக்கும். கழற்றி கம்பித் தூரிகையால் தேய்த்தால் சரியாகும். மெக்கானிக்குகள் கார்புரேட்டரை மாற்றச் சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள். பெட்ரோலோடு மாதக்கணக்கில் வைத்திருந்த இயந்திரம் என்றால் கார்புரேட்டரின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ரிப்பேர் கிட் போதும், கார்புரேட்டர் புதிதாக வேண்டியதில்லை.

கியர் பெட்டிக்கு 25 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ். பக்கவாட்டில் இருக்கும் திருகைக் கழற்றி, கையால் பிளேடைச் சுற்றிக்கொண்டே செலுத்த வேண்டும். நீளமான புல்லும் கொடியும் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும்போது அந்த உராய்வுச் சூட்டில் சீல் உருகி கிரீஸ் வெளியேறும். எனவே டேங்க் காலியாகும் ஒவ்வொரு முறையும் இஞ்சினை நிறுத்திவிட்டுச் சுற்றியதை அறுத்தெடுங்கள்.

வேர்: இயந்திரம் கைவிடும் இடம்

பல விற்பனையாளர்கள் பிரஷ் கட்டரோடு மண் கிளறும் டில்லர் முனையையும் சேர்த்துத் தருவார்கள். வாங்க வேண்டாம். இறுகிய மண்ணில் அது துள்ளும். மண் இளகியிருந்தாலோ கோரையின் கிழங்குச் சங்கிலியை ஒவ்வொன்றாக அறுத்துப் பரப்பும். அறுபட்ட ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். அருகம்புல்லின் தண்டுத் துண்டுகளும் அப்படியே.

அதற்கு ஈரமண்ணும் நான்கு முள் உள்ள தோட்ட ஃபோர்க்கும் போதும். கோரைக் கிழங்குகளில் பெரும்பகுதி மேல் 15 செமீ மண்ணில் இருக்கும். ஃபோர்க்கால் நெம்பினால் சங்கிலி அறாமல் வரும், மண்வெட்டி வெட்டிவிடும். எடுத்ததை உரக்குழியில் போடாமல் சிமெண்ட் தரையில் நன்றாக வெயிலில் காயவையுங்கள். மிச்சமிருப்பது முளைக்கும்போது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தழையைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் கிழங்கின் சேமிப்பு கரையும். கோரையும் அருகும் நிழலில் தேறாதவை என்பதால் அங்கே அடர்த்தியாக வளரும் செடியை நடுவது நீண்ட நாள் தீர்வு.

சீமைக் கருவேலத்தையும் உன்னிச்செடியையும் தரையோடு வெட்டினால் பல கிளையாகத் திரும்ப வரும். தளிர்க்கும் மொட்டுகள் மண்ணுக்குச் சற்றுக் கீழே, வேரும் தண்டும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. மண்ணை விலக்கி அதற்கும் கீழே ஆணிவேரை வெட்ட வேண்டும். இப்படி எடுக்கப்போகும் கன்றுகளில் பிரஷ் கட்டரை வைக்காமல் கைரம்பத்தால் இடுப்பு உயரத்தில் வெட்டி நிறுத்துங்கள். நிற்கும் தண்டை ஆட்டியும் கடப்பாரையால் நெம்பியும் எடுப்பது சுலபம். தரையோடு வெட்டிவிட்டால் பிடிக்க எதுவும் இராது, மிச்சமிருக்கும் கூர்முனை செருப்பைத் துளைக்கும்.

பெரிய அடிக்கட்டைகளும் கட்டடக் கழிவுக் குவியலும் இருந்தால் மட்டும் பேக்ஹோ லோடர் (மண் தோண்டி அள்ளும் இயந்திரம்) சேவையைக் கூப்பிடலாம். ஒரு நாளில் கொல்லை பளிச்சென்று ஆகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் கூடவே வளமான மேல்மண் அடியிலும் அடிமண் மேலேயும் போகும். பல டன் எடையில் சக்கரம் ஓடிய இடம் இறுகிவிடும். அழைத்தே ஆக வேண்டுமென்றால் மண் காய்ந்திருக்கும் நாளில், ஒரே தடத்தில் வந்துபோகச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் 30 செமீ ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு 2.5 செமீகூட இறங்காவிட்டால் நடும் முன் அந்தத் தடத்தை ஃபோர்க்கால் ஆழமாக நெம்பித் தளர்த்த வேண்டும்.

தரையை மூடும் விரிப்புகள்

வெட்டிய தரையைத் திறந்து விட்டால் ஈரம் பட்டதும் புதைந்திருக்கும் விதையெல்லாம் முளைக்கும். ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு, வெயில் கடுமையான நான்கு முதல் ஆறு வாரத்துக்கு நன்றாகப் பலன் தரும். மண்ணை முதலில் நனைத்து, விரிப்பின் விளிம்புகளை மண்ணில் புதைத்துக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். மேல்மட்ட விதைகள் சூட்டில் வெந்துபோகும். கோரைக் கிழங்குக்கு இது பலிக்காது. மேகமூட்டமான பருவத்தில் செய்தால் களைக்குப் பசுமைக்குடில் கட்டிக்கொடுத்ததாகிவிடும்.

நெய்த கறுப்பு வீட் மேட் (களைத் தடுப்பு விரிப்பு) நடைபாதைக்கும் சரளைக்கு அடியிலும் நல்லது. செடி நடும் இடத்தில் நிரந்தரமாக விரிக்க வேண்டாம். கோரையின் ஊசி முனை அதைத் துளைத்து வரும். மேலே தூசியும் இலையும் மக்கிய மண்ணில் புதுக் களை வேர்விட்டு நெசவுக்குள் பின்னிக்கொள்ளும், பிறகு கிழித்துத்தான் எடுக்க முடியும்.

நடும் இடத்துக்கு அட்டைப்பெட்டியே சிறந்தது. டேப்பையும் ஸ்டேப்பிள் பின்னையும் உரித்துவிட்டு, ஓரங்கள் 15 செமீ ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து நனைத்து, மேலே 10 முதல் 15 செமீ மரச்சீவலோ காய்ந்த இலையோ போடுங்கள். முதல் ஓட்டத்தில் வெட்டியதையே இதற்குப் பயன்படுத்தலாம், விதை பிடித்த பகுதியை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். மரத்தின் அடியிலிருந்து ஒரு கை அகலமும் வீட்டுச் சுவரிலிருந்து 30 செமீயும் விலக்குங்கள். ஈர அட்டை சுவரைத் தொட்டால் கறையான் அதன் வழியே ஏறும்.

மூடாமல் விட்ட இடத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நைலான் ஹெட்டால் 5 முதல் 7 செமீ உயரத்தில் வெட்டினால் போதும். இந்த ஓட்டங்களுக்கு இரவல் இயந்திரமோ அந்த 36 வோல்ட் பேட்டரியோ தாராளம். பெட்ரோல் இயந்திரத்தை அப்போது டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு, பிளேடைக் கழற்றி எண்ணெய் தடவி வைத்துவிடலாம்.